65 வயதானால் தூண்டிலுக்குக் கட்டணம் இல்லை

எமது மூத்தவர்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், இந்த நாட்டில் அவர்களுக்குக் கிடைக்காதவற்றின் பட்டியல்தான் நீளமாக இருக்கிறது. பிள்ளைகள் பொறுப்பெடுத்து அழைத்த பெற்றோருக்கு முதியோர் ஓய்வூதியம் உடனே கிடையாது. 65 வயதாகியிருக்க வேண்டும். 18 வயதுக்குப் பின்னர் குறைந்தது 10 வருடங்களாவது கனடாவில் வாழ்ந்திருக்க வேண்டும். அதுவரை பஸ் காசிலிருந்து பல்லுக் கட்டுவது வரை எல்லாவற்றுக்கும் பிள்ளையின் முகத்தைத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது. ஊரில் நான்கு பேருக்குச் சோறு போட்ட கை, இங்கே ஒரு தேநீருக்கும் மருமகளைக் கேட்கத் தயங்குகிறது.

இப்படிப்பட்ட நிலையில், ஆறே மாதங்களில் கைக்கு வரும் ஓர் உரிமை எம்மவர் பலருக்குத் தெரியாமல் இருக்கிறது. ஒன்ராறியோ மாகாணத்தில் 65 வயதும் அதற்கு மேலும் உள்ள கனடா வாசிகள் எந்தக் கட்டணமும் செலுத்தாமல் தூண்டில் போட்டு மீன் பிடிக்கலாம். விண்ணப்பம் இல்லை, கியூவில் நிற்பது இல்லை, வருடா வருடம் புதுப்பிப்பதும் இல்லை. பிறந்த திகதி உள்ள அடையாள அட்டையே அவர்களுக்கு மீன்பிடி அனுமதிப்பத்திரம்.

இது பெரிய காரியமா என்று சிலர் கேட்கலாம். தொடர்மாடியின் பதினாலாம் மாடியில், கதவு பூட்டிய வீட்டில், பிள்ளைகள் வேலையாலும் பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தாலும் வரும்வரை சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஐயாமாரைக் கேட்டுப் பார்த்தால் விடை கிடைக்கும். அவர்களில் குருநகரும் மயிலிட்டியும் வல்வெட்டித்துறையும் முல்லைத்தீவும் கண்டவர்கள் இருக்கிறார்கள். கடல் தெரியாதவர்களும் குளத்திலாவது தூண்டில் போட்டவர்கள்தான். அவர்களுக்குத் தெரிந்த ஒரு வேலையை, யாரையும் கேட்காமல் தாமே செய்வதற்கு இந்த நாடு ஒரு வழி வைத்திருக்கிறது. அதைச் சரியாகத் தெரிந்துகொண்டு பயன்படுத்துவது எப்படி என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

யாருக்கு இந்தச் சலுகை?

சட்டம் கேட்பது குடியுரிமையை அல்ல, வசிப்பிடத்தை. இதனை முதலில் மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். கனடாவைத் தமது முதன்மை வதிவிடமாகக் கொண்டு, கடந்த 12 மாதங்களில் தொடர்ந்து குறைந்தது 6 மாதங்களாவது இங்கே வாழ்ந்தவர் ‘கனடா வாசி’ எனக் கொள்ளப்படுகிறார். ஆகவே, சிற்றிசன் எடுத்த பின்புதான் இது கிடைக்கும் என்று காத்திருக்கத் தேவையில்லை.

கட்டணம் இல்லாமல் தூண்டில் போடக்கூடியவர்கள் பின்வருவோர்:

1. 65 வயதும் அதற்கு மேலும் உள்ள கனடா வாசிகள்.

2. 18 வயதுக்குக் குறைந்த கனடா வாசிகள்.

3. கனடாப் படைகளில் சேவையில் இருப்பவர்களும் முன்னாள் படைவீரர்களும். இவர்களுக்கு வயதெல்லை இல்லை. படைவீரருக்குரிய அடையாள அட்டையை அல்லது முன்னாள் படைவீரருக்குரிய சேவை அட்டையைக் கையில் வைத்திருக்க வேண்டும்.

4. உடல் இயலாமை உள்ளவர்களில் சிலர். கண்பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனத்தின் அடையாள அட்டை வைத்திருப்பவர்களும், தமது பெயரில் மாகாணத்தின் மாற்றுத்திறனாளி வாகனத் தரிப்பு அனுமதி பெற்றவர்களும் இதில் அடங்குவர்.

நான்காவது பிரிவை எம்மவர்கள் அநேகமாகக் கவனிப்பதில்லை. பாரிசவாதம் வந்து நடை தளர்ந்த 58 வயதுக்காரருக்கு 65 ஆகும்வரை பொறுத்திருக்கத் தேவையில்லை. அவரது பெயரில் வாகனத் தரிப்பு அனுமதி இருந்தால் அதுவே போதும். தனியே தூண்டில் பிடிக்க இயலாதவராக இருந்தால் உதவிக்கு ஒருவர் கூடவே இருக்க வேண்டும்.

மேலே உள்ள பட்டியலை மீண்டும் ஒருமுறை பாருங்கள். தாத்தாவுக்கு இலவசம், பேரனுக்கும் இலவசம். நடுவில் நிற்கும் மகனுக்கும் மருமகளுக்கும்தான் கட்டணம்.

நடுவில் நிற்பவர்களுக்கு என்ன செலவு?

18 முதல் 64 வயது வரை உள்ளவர்கள் இரண்டு பொருட்களை வாங்க வேண்டும். ஒன்று ‘அவுட்டோர்ஸ் கார்ட்’ எனப்படும் அட்டை. இது மூன்று வருடங்களுக்குச் செல்லுபடியாகும். மற்றையது மீன்பிடி அனுமதி. இதில் இரண்டு வகை உண்டு. ‘ஸ்போர்ட்’ என்பது முழு அளவு மீன் பிடிப்பதற்கு. ‘கொன்சவேஷன்’ என்பது குறைந்த அளவு பிடிப்பதற்கு; விலையும் குறைவு.

2024ஆம் ஆண்டுக் கட்டணப்படி, ஒன்ராறியோ வாசிக்கு அட்டை 8 டொலர் 57 சதம். ஒரு வருட முழு அனுமதி 26 டொலர் 57 சதம். ஒரு வருடக் குறைந்த அளவு அனுமதி 15 டொலர் 07 சதம். இவற்றின் மேல் விற்பனை வரி சேரும். வருடத்தில் இரண்டு மூன்று தடவை மட்டும் ஐயாவைக் கூட்டிக்கொண்டு போய்த் தானும் ஒரு தூண்டில் போட விரும்பும் மகனுக்குக் குறைந்த அளவு அனுமதி தாராளம். ஒரே ஒரு நாளைக்கு மட்டும் என்றால் ஒரு நாள் அனுமதியும் விற்கிறார்கள். அதற்கு அந்த அட்டை தேவையில்லை.

சேர்விஸ் ஒன்ராறியோ நிலையங்கள் சிலவற்றிலும், மீன்பிடிச் சாமான் விற்கும் கடைகள் சிலவற்றிலும், கணினி மூலமும் இவற்றை வாங்கலாம். இப்படிச் சேரும் பணம் மீன்வளத்தையும் காட்டு விலங்குகளையும் பேணுவதற்கென்று தனிக் கணக்கில் போடப்படுகிறது. குஞ்சு விடுவதும், ஏரிகளை ஆராய்வதும், காவல் அதிகாரிகளின் செலவும் இதிலிருந்து போகின்றன. எனவே 15 டொலரை வீண் செலவு என்று எண்ண வேண்டாம்.

காசு செலவழிக்காமல் குடும்பத்தோடு ஒரு தடவை போய்ப் பார்க்க விரும்புவோருக்கும் வழி உண்டு. வருடத்தில் நான்கு தடவை ஒன்ராறியோவில் எல்லாக் கனடா வாசிகளும் அனுமதி இல்லாமல் மீன் பிடிக்கலாம். பெப்ரவரியில் குடும்ப தின வார இறுதி, மே மாதத்தில் அன்னையர் தின வார இறுதி, ஜூனில் தந்தையர் தின வார இறுதி, ஜூலையில் குடும்ப மீன்பிடி வாரம் ஆகியவையே அவை. அந்த நாட்களிலும் அடையாள அட்டை கையில் இருக்க வேண்டும்; குறைந்த அளவு அனுமதிக்குரிய எண்ணிக்கைக்கு மேல் மீன் வைத்திருக்கக் கூடாது.

அடையாள அட்டை: எதைக் கொண்டு போவது?

பெயரும் பிறந்த திகதியும் உள்ள, கனடா அரசு அல்லது ஒன்ராறியோ அரசு வழங்கிய அட்டை ஒன்று வேண்டும். சாரதி அனுமதிப்பத்திரம், நிரந்தர வதிவிட அட்டை, கனடாக் கடவுச்சீட்டு ஆகியவை நல்லவை. கார் ஓடாத மூத்தவர்களுக்கென்று ஒன்ராறியோ மாகாணம் படத்துடன் கூடிய அடையாள அட்டை ஒன்றை வழங்குகிறது. சேர்விஸ் ஒன்ராறியோவில் 35 டொலருக்கு எடுக்கலாம். ஐந்து வருடங்களுக்குச் செல்லும். வங்கி, தபால் கந்தோர், விமான நிலையம் என்று பல இடங்களிலும் உதவும். நிரந்தர வதிவிட அட்டையைக் குளத்தங்கரைக்குக் கொண்டுபோய்த் தண்ணீரில் தவறவிட்டுவிட்டு மாதக்கணக்கில் அலைவதை விட, இதை எடுத்து வைத்திருப்பது புத்தி.

இலங்கைத் தேசிய அடையாள அட்டை இதற்கு உதவாது. அது இந்நாட்டு அரசு வழங்கியது அல்ல.

இன்னுமொரு சிக்கல் எம்மவருக்கே உரியது. ஊரில் பிறப்புப் பதிவு பிந்திச் செய்யப்பட்டதாலும், பள்ளிக்கூடத்தில் சேர்ப்பதற்காக வயதைக் கூட்டிக் குறைத்ததாலும், இடம்பெயர்ந்தபோது பத்திரங்கள் தொலைந்ததாலும், பலருக்கு உண்மை வயது ஒன்றும் பத்திர வயது இன்னொன்றுமாக இருக்கிறது. ‘எனக்கு உண்மையில் அறுபத்தேழு, பாஸ்போட்டில்தான் அறுபத்திமூன்று’ என்று கரையில் நின்று விளங்கப்படுத்த முடியாது. அட்டையில் உள்ள திகதிதான் கணக்கு. அட்டைப்படி 65 ஆகவில்லை என்றால் அனுமதி வாங்கியே ஆக வேண்டும்.

விசிற்றர் விசாவில் வந்தவர்கள்

கோடை காலத்தில் பிள்ளைகளைப் பார்க்க வரும் அம்மா, அப்பாவுக்கு இந்தச் சலுகை கிடையாது. வயது 75 ஆனாலும், இங்கே வதிவிடம் இல்லாதவர் அனுமதி வாங்க வேண்டும். அவர்களுக்கென்று ஒரு நாள், எட்டு நாள், ஒரு வருடம் என்று தனி அனுமதிகள் இருக்கின்றன. கட்டணம் எம்மை விடக் கூட. இரண்டு மாதத்திற்கென்று வந்த பெரியவரை ‘ஐயாவுக்கு வயது போய்விட்டதுதானே’ என்று கரையில் இருத்தித் தூண்டிலைக் கையில் கொடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து வரும் 18 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், அனுமதி உள்ள ஒருவருடன் சேர்ந்து மீன் பிடிக்கலாம். ஆனால் அவர்கள் பிடித்து வைத்திருக்கும் மீன் அந்தப் பெரியவரின் கணக்கில் சேரும்.

மொன்றியலில் இருந்து வரும் 65 வயதுப் பெரியம்மாவுக்கு நிலைமை வேறு. அவர் கனடா வாசி. ஆகவே ஒன்ராறியோவில் அவருக்கும் கட்டணம் இல்லை.

‘இலவசம்’ என்றால் விதி இல்லை என்று அர்த்தமா?

இல்லை. மூத்தவர்களுக்கு விலக்கப்பட்டது கட்டணம் மட்டுமே. 65 வயதுக்காரரும் முழு அனுமதி வாங்கியவரைப் போலவே கருதப்படுகிறார். அவருக்குள்ள அதே எண்ணிக்கை, அதே காலம், அதே அளவு இவருக்கும் பொருந்தும். எம்மவர்கள் அதிகம் தடுமாறும் இடங்களை மட்டும் இங்கே சொல்கிறோம்.

*ஒரு ஆளுக்கு ஒரு தூண்டில்.* கரையில் இருந்து பிடிப்பவர் பொதுவாக ஒரு தூண்டில்தான் பாவிக்கலாம். ஐயா கதிரையில் இருக்க, அவர் பெயரைச் சொல்லி மூன்று தடிகளை வரிசையாக நட்டு வைப்பது குற்றம். அதேபோல, ஐயாவின் தூண்டிலை மகன் எறிந்து மகனே இழுத்தால் மீன் பிடிப்பது மகன்தான். அவருக்கு அனுமதி வேண்டும். ஐயாவின் இலவசம் ஐயாவின் கைக்கு மட்டுமே.

*எண்ணிக்கை.* ஒன்ராறியோ முழுவதும் 20 மீன்பிடி வலயங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒன்ராறியோ ஏரி 20ஆம் வலயம். சிம்கோ ஏரி 16ஆம் வலயம். பீற்றர்பரோவுக்குத் தெற்கேயுள்ள ரைஸ் ஏரி 17ஆம் வலயம். ஒவ்வொரு வலயத்திலும் ஒவ்வொரு மீனுக்கும் தனிக் கணக்கு உண்டு. உதாரணமாக, இந்த மூன்று வலயங்களிலும் மஞ்சள் பேர்ச் முழு அனுமதிக்கு 50, குறைந்த அளவு அனுமதிக்கு 25. பாஸ் மீன் முழு அனுமதிக்கு 6, குறைந்த அளவுக்கு 2. சில ஏரிகளுக்கும் ஆறுகளுக்கும் தனி விதி இருக்கலாம். மாகாண அரசு வருடந்தோறும் வெளியிடும் விதிச் சுருக்கத்தைப் பார்த்துவிட்டுப் போவது நல்லது. ஆங்கிலம் தெரிந்த பேரப்பிள்ளை ஒன்று வாசித்துச் சொன்னால் போதும்.

*வீட்டுப் பிறீசரும் கணக்கில் சேரும்.* இது பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும். ஒருவர் வைத்திருக்கக்கூடிய அளவு என்பது அன்றைக்குக் கரையில் வாளிக்குள் இருப்பது மட்டுமல்ல. காரில் இருப்பது, குளிர்ப்பெட்டியில் இருப்பது, வீட்டில் உறைய வைத்திருப்பது எல்லாம் சேர்ந்ததே. சனிக்கிழமை ஆறு பாஸ் மீன் பிடித்து பிறீசரில் வைத்தவர், ஞாயிற்றுக்கிழமை இன்னும் ஆறு கொண்டுவர முடியாது. முதல் ஆறைச் சமைத்துச் சாப்பிட்ட பின்புதான் மறுபடி.

*காலம்.* பாஸ் மீனை முட்டையிடும் வசந்த காலத்தில் பிடித்து வைத்திருக்க முடியாது. ஜூன் மாதத்தின் பிற்பகுதியில்தான் அதற்குக் காலம் திறக்கிறது. சரியான நாள் வலயத்துக்கு வலயம் மாறும். காலம் அல்லாத வேளையில் தானாக மாட்டினாலும் உடனே உயிரோடு திருப்பி விட வேண்டும். ஈல் எனப்படும் விலாங்கை ஒன்ராறியோவில் எக்காலத்திலும் வைத்திருக்க முடியாது. எம்மில் பலருக்கு விலாங்கு மருந்து மீன். அதைக் கண்டு ஆசைப்பட்டால் ஆபத்து.

*வலை.* இந்த அனுமதி தூண்டிலுக்கு உரியது. வலைகளுக்குத் தனியான, இறுக்கமான விதிகள் உள்ளன. ஊரில் வீச்சுவலை எறிந்த கை இங்கேயும் தினவெடுக்கும். ஆனால் அதை வாங்கிக்கொண்டு போக வேண்டாம்.

*விற்பனை.* தூண்டிலில் பிடித்த மீனை விற்கவோ வாங்கவோ பண்டமாற்றுச் செய்யவோ கூடாது. பக்கத்து வீட்டாருக்குக் குழம்புக்குக் கொடுக்கலாம், காசு வாங்கக் கூடாது. பிடித்த மீனை வெயிலில் போட்டுப் பழுதாக்குவதும் குற்றமே.

இத்தனை விதி எதற்கு என்று அலுத்துக்கொள்வோருக்கு ஒரு செய்தி. ஒன்ராறியோ ஏரியில் அத்திலாந்திக் சமன் ஒரு காலத்தில் ஏராளமாக இருந்தது. மிதமிஞ்சிப் பிடித்ததாலும், ஆறுகளில் மில்லுகளுக்காக அணை கட்டியதாலும், காடுகளை அழித்ததாலும், 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் அந்த இனம் ஏரியிலிருந்து முற்றாக அழிந்தது. 2006இலிருந்து அதை மீளக் கொண்டுவரப் பெரும் முயற்சி நடக்கிறது. இன்று அந்த மீனில் முழு அனுமதி உள்ளவருக்கு ஒன்று. குறைந்த அளவு அனுமதிக்கு ஒன்றும் இல்லை. புரட்டாதியில் ஆறுகளுக்குள் ஏறும் பெரிய சமன்களில் அநேகமானவை சினூக் என்னும் வேறு இனம். இரண்டையும் பிரித்தறியத் தெரியாவிட்டால் விட்டுவிடுவதே பாதுகாப்பு. ஏறுகின்ற மீனின் உடம்பில் கொக்கியைக் கொளுவி இழுப்பதும் தடை. மீன் தானாகக் கவ்வ வேண்டும்.

சீருடையைக் கண்டு பயப்பட வேண்டாம்

இந்தப் பகுதியைப் பிள்ளைகள் தமது பெற்றோருக்கு வாசித்துக் காட்ட வேண்டும்.

போர்க்காலத்தில் எமது கரைகளில் மீன்பிடிக்கப் போவதற்குப் பாஸ் வேண்டியிருந்தது. எந்த நேரம் போவது, எந்த நேரம் திரும்புவது, எவ்வளவு தூரம் போவது என்பதையெல்லாம் படையினரே தீர்மானித்தார்கள். பல காலம் கடல் முற்றாகத் தடைசெய்யப்பட்டிருந்தது. 1990இல் மயிலிட்டியை விட்டு ஓடிய குடும்பங்களுக்கு அந்தத் துறைமுகம் 2017இல்தான் திரும்பக் கிடைத்தது. அதற்கிடையில் ஒரு தலைமுறையே தொழிலை மறந்துவிட்டது. அந்தக் கரையிலிருந்து வந்த ஒருவருக்கு, தண்ணீர் ஓரத்தில் சீருடை போட்ட ஒருவர் வந்து அட்டையைக் கேட்டால் என்ன நினைவு வரும் என்பதை நாம் சொல்லத் தேவையில்லை.

இங்கேயும் வருவார்கள். இயற்கை வளப் பாதுகாப்பு அதிகாரிகள் என்று அவர்களுக்குப் பெயர். சீருடை அணிந்திருப்பார்கள், இடுப்பில் துப்பாக்கியும் இருக்கும். அனுமதியைக் கேட்கவும், வாளியையும் குளிர்ப்பெட்டியையும் பார்க்கவும், மீனை எண்ணவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு. பக்கத்தில் இருக்கும் வெள்ளைக்காரரிடமும் இதையேதான் கேட்பார்கள். தூண்டிலைப் போட்டுவிட்டு எழும்பி நடப்பதும், வாளியைக் கால் மறைவில் தள்ளுவதும் வீண் சந்தேகத்தையே உண்டாக்கும். இருந்த இடத்தில் இருந்து, ‘சீனியர்’ என்ற ஒரு சொல்லைச் சொல்லி அட்டையை நீட்டினால் போதும். ஆங்கிலம் பேச வேண்டும் என்பது இல்லை.

மீன் வெட்டும் விடயத்தில் மட்டும் ஒரு கவனம். அதிகாரி பார்த்தால் இது என்ன மீன், எத்தனை மீன் என்று தெரிய வேண்டும். நீள அளவு விதிக்கப்பட்ட மீன் என்றால் அளவும் தெரிய வேண்டும். ஆகவே கரையிலேயே துண்டு துண்டாக வெட்டிப் பையில் கட்டாமல், முழு மீனாக வீட்டுக்குக் கொண்டுவருவதே நல்லது.

படை என்ற சொல்லைக் கேட்டாலே எம்மவர் பலருக்கு நெஞ்சு இறுகும். ஆயினும் முன்னாள் படைவீரருக்கும் மூத்தோருக்கும் ஒரே சலுகையை இந்த மாகாணம் கொடுப்பதில் ஒரு கருத்து இருக்கிறது. உழைத்துக் களைத்தவர்கள் அமைதியாக ஒரு கரையில் இருக்கட்டும், அதற்குக் காசு கேட்க வேண்டாம் என்பதே அது. எமது பிள்ளைகளும் கனடாப் படையில் சேரக்கூடும். அவர்களுக்கும் இது உரியது. வேறு நாடுகளின் படைகளில் இருந்தவர்களுக்கு இது பொருந்தாது.

பிடித்த மீனைச் சாப்பிடலாமா?

சாப்பிடலாம், அளவோடு. மாகாண அரசு ‘ஒன்ராறியோ மீன் உண்ணும் வழிகாட்டி’ ஒன்றை வெளியிடுகிறது. எந்த ஏரியில், எந்த மீனை, எந்த நீளத்தில், மாதத்துக்கு எத்தனை தடவை உண்ணலாம் என்று அதில் அட்டவணை இருக்கிறது. கர்ப்பிணிகள், கர்ப்பமாகக்கூடிய பெண்கள், பால் கொடுக்கும் தாய்மார், 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் ஆகியோருக்குத் தனி நிரல் உண்டு. அவர்களுக்கு அளவு குறைவு.

காரணம் இதுதான். தொழிற்சாலைக் கழிவுகள் பல ஆண்டுகளாக இந்த ஏரிகளில் சேர்ந்தன. பாதரசம் மீனின் சதையில் தங்குகிறது. பிசிபி எனப்படும் இரசாயனம் கொழுப்பில் தங்குகிறது. சின்ன மீனைப் பெரிய மீன் தின்னத் தின்ன இவை பெரிய மீனில் கூடிக்கொண்டு போகின்றன. எனவே பெரிய மீன் கிடைத்தது என்று பெருமைப்படுவதை விட, ஒரு சாண் நீளப் பேர்ச் குழம்புக்கு மேல்.

எமது சமையல் முறையில் ஒரு மாற்றம் தேவை. வழிகாட்டி சொல்லும் அளவுகள் தோலும் முள்ளும் நீக்கிய சதைக்கே உரியவை. நாமோ தலையைத்தான் முதலில் குழம்பில் போடுகிறோம். சினையையும் ஈரலையும் பொரிக்கிறோம். கொழுப்புக் கரைந்த குழம்பைச் சோற்றில் விட்டுப் பிசைகிறோம். ஊர்க் கடல் மீனுக்கு அது சரி. இங்கே ஏரியில் பிடித்த சமனுக்கும் ட்ரவுட்டுக்கும் தோலையும் வயிற்றுக் கொழுப்பையும் நீக்கி, குடல், ஈரல், தலையை விட்டுவிட்டு, சதையை மட்டும் எடுப்பதே நலம். ஆச்சிமார் முகம் சுளிப்பார்கள். பேரப்பிள்ளைகளுக்காக என்று சொன்னால் கேட்பார்கள்.

எங்கே போவது, எதைக் கொண்டு போவது?

ஸ்காபரோவில் இருப்பவர்களுக்கு புளவ்வர்ஸ் பார்க் கிட்ட. பிக்கறிங்கில் பிரெஞ்ச்மன்ஸ் பே, மிசிசாகாவில் போட் கிறெடிற், ரொறொன்ரோவில் ஹை பார்க்கிலுள்ள கிறனடியர் குளம் ஆகிய இடங்களிலும் தூண்டில் போடுவோரைக் காணலாம். வார இறுதியில் கொஞ்சம் தூரம் போகக்கூடியவர்களுக்கு ரைஸ் ஏரியும் சிம்கோ ஏரியும் இருக்கின்றன. ஆறுகளில் சில பகுதிகள் மீன் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்டுள்ளன. அறிவித்தல் பலகை இருந்தால் வாசிக்காமல் இறங்க வேண்டாம். தேசியப் பூங்காக்கள் மத்திய அரசுக்குரியவை. அங்கே மாகாணத்தின் இந்தச் சலுகையை நம்பிப் போகாமல் பூங்கா அலுவலகத்தில் முதலில் விசாரிக்க வேண்டும்.

தடியும் ரீலும் வாங்க முதலிலேயே பணம் செலவழிக்கத் தேவையில்லை. ஒன்ராறியோ மீன்பிடிப்போர், வேட்டையாடுவோர் சம்மேளனம் ‘ராக்கிள் ஷெயர்’ என்ற பெயரில், நூலகத்தில் புத்தகம் எடுப்பது போலத் தூண்டில் இரவல் கொடுக்கும் திட்டம் ஒன்றை நடத்துகிறது. சில நூலகங்களிலும் மாகாணப் பூங்காக்களிலும் இது உண்டு. உங்கள் பகுதி நூலகத்தில் கேட்டுப் பாருங்கள். இரைக்கு நாக்கிளிப் புழுவே நன்று; பேர்ச் மீனுக்கு அது விருந்து. ஒன்ராறியோ ஏரியின் கரைகளில் றவுண்ட் கோபி என்னும் சிறிய மீன் அடிக்கடி மாட்டும். அது அந்நிய நாட்டிலிருந்து வந்து பெருகிய இனம். அதை உயிரோடு வைத்திருப்பதும், இரையாகக் கொளுவுவதும் தடை.

மூத்தவர்களுக்கென்று மடிக்கிற கதிரை, தொப்பி, தண்ணீர், மருந்து, ஒரு போர்வை, போத்தலில் தேநீர் ஆகியவற்றை மறக்க வேண்டாம். ஏரிக் காற்று மே மாதத்திலும் குளிரும். பாசி பிடித்த கல்லில் இறங்க விட வேண்டாம். குளிர்காலத்தில் உறைந்த ஏரியின் மேல் மீன் பிடிப்பதைக் கண்டு ஆசைப்படுவோர், அதைத் தொழிலாக நடத்துபவர்களுடன் மட்டும் போக வேண்டும். பனிக்கட்டியின் கனம் கண்ணால் பார்த்துத் தெரிவதல்ல.

வேட்டையும் வேறு மாகாணங்களும்

‘மானுக்கும் இலவசமோ?’ என்று கேட்பவர்களும் இருப்பார்கள். இல்லை. இந்த வயதுச் சலுகை மீனுக்கு மட்டுமே. ஒன்ராறியோவில் வேட்டையாடுவதற்கு வேட்டைக் கல்வி வகுப்பில் தேறி, அதற்குரிய அட்டையும் அனுமதியும் எடுக்க வேண்டும்; துப்பாக்கிக்கு மத்திய அரசின் தனி அனுமதியும் வேண்டும். மூத்தவர்களும் இதற்கு விலக்கல்ல.

வேறு மாகாணங்களில் உறவினர் இருந்தால், சட்டம் அங்கே வேறு என்பதைச் சொல்லி வையுங்கள். அல்பேர்ட்டாவில் அம்மாகாணத்து வாசிகள் 65 வயதில் கட்டணமின்றி மீன் பிடிக்கலாம். பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூத்தவர்களுக்கு இலவசம் இல்லை; கட்டணத்தில் கழிவு உண்டு. கியூபெக்கிலும் கழிவு உண்டு. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் வயதும் கட்டணமும் மாறும்.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை

‘இந்த வயதில் எனக்கென்ன லைசென்ஸ் தரப்போகினம்?’ என்று கேட்கும் ஐயாமார் இருக்கிறார்கள். தர வேண்டியதில்லை, வயதே லைசென்ஸ் என்று அவர்களுக்குச் சொல்லுங்கள். ஊரில் தமது கடலுக்குப் போக அடுத்தவனிடம் பாஸ் கேட்டு நின்றவர்கள், இங்கே யாரிடமும் எதுவும் கேட்காமல் ஒரு கரையில் போய் இருக்கலாம்.

மீன் அகப்படாவிட்டாலும் நட்டமில்லை. அந்த இரண்டு மணித்தியாலத்தில் பேரனுக்குத் தூண்டிலில் முடிச்சுப் போடுவது எப்படி என்று தாத்தா காட்டிக்கொடுப்பார். வீட்டில் தாத்தாவுக்கு ரெலிவிஷன் போடக் காட்டிக்கொடுப்பது பேரன். கரையில் ஆசிரியர் மாறிவிடுவார். பேரனின் தமிழில் இல்லாத சொற்கள், இரை, மிதப்பு, நீரோட்டம், கொண்டல், வாடை என்று ஒவ்வொன்றாக அங்கே வந்து சேரும்.

வரும் சனிக்கிழமை ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். முதலில் ஐயாவின் அட்டையை எடுத்து அதிலுள்ள திகதியைப் பாருங்கள். அட்டை இல்லாவிட்டால் சேர்விஸ் ஒன்ராறியோவுக்குக் கூட்டிப் போங்கள். விதிச் சுருக்கத்தை மகளிடம் கொடுத்து உங்கள் வலயத்தின் பக்கத்தை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு ஏரிக்குப் போகலாம்.